வடக்குக்கு ஒரு அப்பா, மலைக்கு ஒரு அப்பா

நவம்பர் 3, திங்கள்

காலையிலிருந்து தூறல். கம்பெனி பஸ் இருபது நிமிடம் லேட். எம்.பி.ஏ.வுக்கு எங்கெங்கே விண்ணப்பிப்பது என்று பஸ்ஸிலேயே பட்டியல். கல்லூரிப் பெயர்களை எழுதவில்லை. பக்கத்து சீட் வாணி எட்டிப் பார்ப்பாள்.

வடக்கு: பெரிய பெயர். கட்டுரை, பிறகு நேர்காணல்.
மலை: நடுத்தரம். அதே முறை.
சென்னை: மார்க் போதும். எவரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அம்மாவின் சாய்ஸ். "ஞாயித்துக்கெழம சர்ச்சுக்கு வந்து போற தூரத்துல பாரு மா."

கட்டுரைக் கேள்வி இரண்டு இடத்திலும் ஒன்றுதான். நீங்கள் வளர்ந்த இடம் உங்களை எப்படி உருவாக்கியது?

லஞ்ச் நேரத்தில் எழுதிவிட்டேன். காஞ்சிபுரம் செவிலிமேட்டில் அப்பாவின் மோட்டார் காயில் கட்டும் கடை. எரிந்துபோன பம்ப்செட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு மேல செலவு பண்ணாதீங்க, புதுசு வாங்கிக்கோங்க" என்று வந்த வேலையைத் திருப்பி அனுப்புகிற மனிதர். பர்ச்சேஸில் நான்கு வருடமாக ஒரு சப்ளையரும் என்னை ஏமாற்றாதது அந்தக் கடையால்தான். நன்றாக வந்திருக்கிறது.

நவம்பர் 6, வியாழன்

நன்றாக வரவில்லையாம். கட்டுரையைப் படித்துவிட்டு எம்.பி.ஏ. கோச்சிங் சார் போனில்:

"காஞ்சிபுரம்னு போட்டுட்டு பட்டே இல்லன்னா எப்படிம்மா? மோட்டார் கடை எல்லா ஊர்லயும் இருக்குது. அப்பாவ தறியில ஒக்கார வெச்சிடு."

"எங்க வீட்ல யாரும் நெய்ய மாட்டாங்க சார்."

"யாரு வந்து பாக்கப் போறாங்க?"

நெய்கிற தெருவில் எங்கள் ஆட்களுக்கு வாடகைக்குக்கூட வீடு கிடைத்ததில்லை. அம்மாவின் கல்யாணப் புடவை ஆரணி. இருபத்தாறு வருடம் இதே ஊரில் இருந்தும், இந்த ஊர்க்காரி என்று நம்பவைக்க இன்னொருவர் அப்பா வேண்டியிருக்கிறது.

எரிச்சல். மதியம் சாப்பிடவில்லை.

நவம்பர் 8, சனி

வாணி வீடு. அவள் அப்பா நெசவாளர். ஐந்து வருடப் பழக்கம், ஆனால் முன் ரூமைத் தாண்டியதில்லை. தறிச் சத்தம் மட்டும் கேட்கும். இன்று நானே கேட்டேன், பார்க்கலாமா என்று. முகம் சுளிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். சுளித்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"வா மா, கிட்ட வந்து பாரு" என்றார் அவள் அப்பா. ஊடு நூலைச் சுமந்து ஓடுகிற நாடா கரைக்குத் தனி, புடவை உடம்புக்குத் தனி, இரண்டும் சேரும் இடம் கோர்வை. கரை நாடாவை அந்தப் பக்கம் உட்கார்ந்து வாணியின் அம்மா தள்ளினார். "கை வெச்சிப் பாரு, ஒன்னும் ஆவாது." வைத்தேன். காபி கொடுத்தார்கள்.

வெளியே வந்து தெருமுனையில் நின்று எல்லாவற்றையும் போனில் குறித்துக்கொண்டேன். திருடிக்கொண்டு வந்தவள் மாதிரி.

நவம்பர் 9, ஞாயிறு

முடிவு:
வடக்குக்குத் தறி அப்பா.
மலைக்கு மோட்டார் அப்பா.
சென்னைக்கு ஜனவரி கடைசி வரை டைம் இருக்கிறது.

மலைக்கு அனுப்பியாகிவிட்டது. சர்ச் முடிந்து வந்து வடக்குக் கட்டுரையைத் திருத்திக்கொண்டிருந்தபோது அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"என்ன பத்தி எழுதிக்கினு இருக்கியாமே. அம்மா சொன்னா. தமிழ்ல சொல்லு, கேப்போம்."

திரையில் தறி. வாயில் மோட்டார். பழைய கட்டுரையை ஞாபகத்திலிருந்து சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டார்.

"அந்தக் கெணத்து மோட்டார் அஞ்சு ஹெச்.பி. இல்ல மா, ஏழரை. மாத்திடு."

"மாத்திட்டேன் பா."

அவர் எழுந்து போனதும் தறியை வடக்குக்கு அனுப்பினேன். இரண்டு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

ஜனவரி 12, திங்கள்

மலை: வருந்துகிறோம்.
வடக்கு: நேர்காணல், 24ஆம் தேதி, சென்னை ஹோட்டல் ஒன்றில்.

கோச்சிங் சார்: "நான் சொன்னேன்ல?"

அம்மா பக்கத்து வீட்டுக்கெல்லாம் கேசரி. அப்பா கடையில் எல்லோரிடமும், "நம்ம கடய பத்தி எழுதித்தான் கூப்ட்ருக்காங்க."

ஜனவரி 20, செவ்வாய்

பஸ்ஸில் வாணியிடம் தறி பற்றி நோண்டி நோண்டிக் கேட்டேன். நேர்காணலில் கேட்டால்?

"எதுக்குடி இவ்ளோ கேக்குற?"

சொல்லிவிட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"எங்கப்பாவ எடுத்துக்கினியா?"

பிறகு: "தொழில பத்திக் கேக்க ஒரு பொண்ணு வந்துச்சினு மூணு நாளா சொல்லிக்கினே இருந்தாருடி."

எழுந்து பின் சீட்டுக்குப் போய்விட்டாள்.

ஜனவரி 24, சனி

மூன்று பேர். ஏ.சி. குளிர். நடுவில் இருந்த பெண்மணி என் கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார். என் மகள் கல்யாணத்துக்கு உங்கள் ஊரில்தான் புடவை எடுத்தோம், உங்கள் அப்பா கைப்பட நெய்ததாகக்கூட இருக்கலாம் என்றார்.

தலையாட்டியிருக்கலாம். அப்பா அந்த நேரம் கடையில் என்ன சொல்லிக்கொண்டிருப்பார் என்று தோன்றிவிட்டது.

"என் அப்பா நெசவாளர் இல்லை. மோட்டார் கட்டுகிறார்."

அப்படியென்றால் ஏன் இப்படி எழுதினீர்கள் என்றார் கண்ணாடிக்காரர். மோட்டார் என்று எழுதிய இடத்தில் கூப்பிடவில்லை என்றேன். நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

ஒன்றும் லேசாகிவிடவில்லை. உண்மை சொன்னால் மனது லேசாகும் என்பதெல்லாம் சும்மா.

ஜனவரி 30, வெள்ளி

வடக்கு: வருந்துகிறோம். எதிர்பார்த்ததுதான். ஆனாலும் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

வாணி இன்னும் பின் சீட்.

அப்பாவிடம், சீட் குறைவாம் என்றேன். "அவங்களுக்குத்தான் நஷ்டம், வுடு மா" என்று கடைக்குக் கிளம்பினார்.

நாளை சென்னைக்குக் கடைசி நாள். நிரப்ப உட்கார்ந்தேன். பெயர், மார்க், போட்டோ. அப்பாவின் தொழில்: எழுத இடமில்லை, நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அரசு, தனியார், விவசாயம், இதர.

இதரவை அழுத்தினேன். அடுத்த பக்கம் வந்துவிட்டது.