எல்லையில் நின்ற குடைமிளகாய்

என் அன்புக்குரியவருக்கு,

நம் தலைநகர் ஸ்கோப்யேயில் அண்டை நாட்டு அமைச்சர்கள் கூடிய வணிக மாநாட்டில், குடைமிளகாய் ஏற்றுமதி செய்பவள் என்று என்னையும் பேச அழைத்திருந்தார்கள். "இனி எல்லையில் யாரும் காத்துக் கிடக்க வேண்டாம்" என்று ஓர் அமைச்சர் முழங்கினார். அந்நேரம் நம் லாரி எல்லையில்தான் நின்றது. என் முறை வந்ததும் ஓட்டுநர் ஸ்டோயானை அழைத்து, கைப்பேசியை மைக்கருகே பிடித்தேன்.

"அக்கா, நம்ம நாட்டு ஆய்வுச் சான்று இங்க செல்லாதாம். குடைமிளகா அழுகுது. என்னக்கா செய்யட்டும்?"

அரங்கம் சிரித்தது, அமைச்சர் சிரிக்கவில்லை. சற்று நேரத்தில் எல்லையில் நம் வண்டியைப் போக விட்டுவிட்டார்கள்.

"நமக்கு மட்டுந்தான் திறந்தாங்கக்கா. பின்னாடி நின்னவங்க என்னைத்தான் திட்டுனாங்க" என்றான் ஸ்டோயான்.

ஜெர்மனி வேலையை விட்டுவிட்டு வரவா என்று கேட்டிருந்தீர்கள். அடுத்த லாரிக்கும் எல்லை திறக்குமா தெரியவில்லை; இப்போதைக்கு விடுப்பு மட்டும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

உங்கள் மனைவி