பச்சத்தண்ணியா, சுடுதண்ணியா?

அண்ணி,

அன்று நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வார்த்தை. சுடுதண்ணீர்.

இன்று காலை புத்தூர்க் கடையில் புது ரப்பர் ஓஸ் சுருள் ஒன்றின் கட்டைப் பிரித்தேன். ரப்பரும் அதன்மேல் தூவியிருக்கும் வெள்ளைப் பொடியும் கலந்த வாசனை வந்ததும் கை நின்றுவிட்டது. நகரிக் கடையில் ஒவ்வொரு புதுச் சுருளையும் நீங்கள் மூக்கருகே கொண்டுபோவீர்கள். நான் சிரித்தால், "நீ பொஸ்தகத்த மோந்து பாக்கலயா? அதுமாரிதான்" என்பீர்கள்.

நாகலாபுரத்துப் பக்கம் நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற வீட்டிலிருந்து அண்ணனுக்கு மனைவியாக வந்தீர்கள். என்னைவிட இரண்டே வயது மூத்தவர். அண்ணன் வேலைக்குப் போய்விடுவான். கடையில் என்னைப் பெற்ற நைனா, நீங்கள், நான். நான் பள்ளிக்கூட நாளிலிருந்து அந்தக் கடையில் இருந்தவள். ஓஸ் முனையில் செருகுகிற நிப்பிள்களில் எது எந்த டப்பாவில் என்று எனக்குத் தெரியும். நீங்கள் வந்த மறு வருடமே, கடைக்கு வருகிறவர்கள் என் தலைக்கு மேலே எட்டிப் பார்த்து, "வதினம்மா லேரா?", அண்ணி இல்லையா, என்று கேட்க ஆரம்பித்தார்கள். நான் இருந்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை.

விஜயபுரத்து விவசாயி ஒருவர் வந்த நாள் நினைவிருக்கிறதா? முந்தின நாள் நான் கொடுத்த ஒரு அங்குல நிப்பிள் ஒழுகுகிறதென்று ஓஸ் துண்டோடு வந்து நின்றார்.

"மூணு கிளிப்பு போட்டேம்மா. அப்பவும் ஒழுவிக்கினே கீது."

நீங்கள் துண்டை வாங்கி அதன் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தீர்கள். "நெருப்புல காட்டி இழுத்தியாண்ணே?"

"ஏறலம்மா. இன்னா பண்றது?"

"எங்க அளந்த?"

"வெளியதான்."

"பைப்புக்குத்தான் வெளிய அளக்கறது. ஓஸுக்கு உள்ள அளக்கணும். சட்டைய அளந்துட்டு வயிறு இவ்ளோன்னு சொன்னா ஒத்துக்குவியா? இது முக்கா அங்குலம். இழுத்து வுட்டுட்டு முப்பது கிளிப்பு போட்டாலும் ஒழுவும்."

அவர் தன் வயிற்றைத் தடவிச் சிரித்தார். இழுபட்ட நுனியை வெட்டிவிட்டு முக்கால் அங்குல நிப்பிளை நீங்களே செருகிக் காட்டினீர்கள். கிளிப்பை ஓஸின் விளிம்பில் போடாமல், நிப்பிளின் வரிகள் உள்ளே முடிகிற இடத்தில் போட்டீர்கள். இறுக்குகிறேன் என்று அவர் திருகியைக் கேட்டபோது கொடுக்கவில்லை. "ரொம்ப இறுக்கினா கிளிப்பே ஓஸ அறுத்துரும்."

அளவு கேட்காமல் விற்றவள் நான். அதை நீங்கள் நைனாவிடம் சொல்லவில்லை. அதற்காகவும் எனக்கு உங்கள்மேல் எரிச்சல் வந்தது.

அன்றிலிருந்து கம்பெனிக்காரர்கள் கொடுத்த விலைப்புத்தகங்களை எடுத்துக்கொண்டு ஓஸ் சுருள்களுக்குப் பின்னால் உட்கார ஆரம்பித்தேன். நாவலைப் படிப்பதுபோலப் படித்தேன். எந்த மரையோடு எந்த மரை சேரும், எது எத்தனை அழுத்தம் தாங்கும், ஓஸை இணைக்கும் பிளாஸ்டிக் கப்ளிங் எந்தச் சூட்டில் இளகும், எல்லாம் மனப்பாடம். உங்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிய வேண்டும். படித்ததெல்லாம் அதற்காகத்தான்.

அப்போதுதான் நைனா புத்தூரில் இன்னொரு கடை போடப்போகிறேன் என்றார். அங்கே யார் உட்காருவது என்று அண்ணன் கேட்டான். "ஓஸ் தெரிஞ்சவதான் குந்தணும்" என்றார் நைனா. சொல்லிவிட்டு உங்கள் தட்டில் இன்னொரு தோசை வைக்கச் சொன்னார். அந்தத் தோசையை உங்கள் தட்டில் வைத்தவள் நான்.

அந்த நாளுக்கு வருகிறேன். புதுக் கடைக்கு உரிமம் வாங்க நைனா சித்தூருக்குப் போயிருந்தார். சாயப்பட்டறைக்காரர் வந்தார். அதுவரை வாளியில் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தவர்கள், இனிமேல் ஓஸ் போட்டுக்கொள்ளலாம் என்று முடிவு செய்திருந்தார்கள்.

"மேல்தொட்டிலர்ந்து சாயத்தொட்டிக்கு. ஒரு அங்குலம். ரெண்டு பக்கமும் கப்ளிங்."

உங்கள் ஊரில் மேல்தொட்டி என்றால் மோட்டார் ஏற்றிவைத்த பச்சைத்தண்ணீர். நகரியில் சாயப்பட்டறையின் மேல்தொட்டிக்கு அடியில் அடுப்பு எரியும். நூலில் சாயம் பிடிக்கக் கொதிக்கிற தண்ணீர் வேண்டும் என்று அங்கே பிறந்த குழந்தைக்கும் தெரியும். அதனால்தான் அவர் சொல்லவில்லை. அதனால்தான் நீங்களும் கேட்கவில்லை.

வயலுக்குக் கொடுக்கிற பச்சை ஓஸை அளந்து வெட்டினீர்கள். பிளாஸ்டிக் கப்ளிங் இரண்டு எடுத்தீர்கள். சுருள்களுக்குப் பின்னால் புத்தகத்தோடு நான் இருந்தேன். எந்தப் பக்கத்தில் அந்த அட்டவணை இருக்கிறது என்பதுகூட எனக்குத் தெரியும்.

"ஒழுவாதே?" என்றார் அவர்.

"ஒரு சொட்டு ஒழுவாது" என்றீர்கள்.

நான் பக்கத்தைப் புரட்டினேன். ஒழுகட்டும் என்றுதான் நினைத்தேன். ஒருமுறையாவது யாராவது உங்களைத் தேடி வந்து திட்டட்டும் என்று நினைத்தேன். தொட்டியருகே நிற்கிற காலை நினைக்கவில்லை, அண்ணி. அந்த நேரத்தில் யாருடைய காலையும் நான் நினைக்கவில்லை.

மூன்றாம் நாள் அவர் வந்தார். கப்ளிங் இளகி ஓஸ் பிடுங்கிக்கொண்டது. நூல் சிட்டத்தைக் கோலால் சாயத்தில் திருப்பிக்கொண்டிருந்த அவர் மனைவியின் பாதத்தில் கொதிநீர் கொட்டிவிட்டது. கடைவாசலில் நின்று அவர் கத்தினார். எதிர்க்கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். நீங்கள் செருப்பை மாட்டினீர்கள். களிம்பும் பழமும் வாங்கிக்கொண்டு அவரோடே போனீர்கள்.

சாயங்காலம் திரும்பி வந்து என் எதிரே உட்கார்ந்தீர்கள். "அது சுடுதண்ணின்னு உனக்குத் தெரியுமா?"

"நான் கவனிக்கல அண்ணி."

என் மடியிலிருந்த விலைப்புத்தகத்தைப் பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள். "செரி பாப்பா, வா துன்னலாம்" என்று எழுந்தீர்கள்.

அடுத்த வாரம் சூடு தாங்கும் ரப்பர் ஓஸும் பித்தளை நிப்பிளும் கொண்டுபோய் உங்கள் கையாலேயே மாட்டிக் கொடுத்தீர்கள். அதற்குப் பிறகு யார் எதைக் கேட்டு வந்தாலும் உங்கள் முதல் கேள்வி, "பச்சத்தண்ணியா, சுடுதண்ணியா?" வயலுக்கு ஓஸ் வாங்க வந்தவர்கள் சிரித்தார்கள். "கடலைய வேகவெச்சே புடுங்கலாம்னு பாக்கறியாம்மா?" என்றார் ஒருவர். நீங்களும் சிரித்தீர்கள். ஆனால் கேட்பதை விடவில்லை.

புத்தூர்க் கடையில் என்னை உட்காரச் சொன்னார் நைனா. நான் ஏன் என்று கேட்கவில்லை.

அந்த வருடமே மழைக்காலத்துக் காய்ச்சலில் உங்களைத் திருப்பதி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அலிபிரிப் பக்கம் மலை தெரிகிற ஜன்னல். கண்ணைத் திறக்கவே உங்களுக்குச் சிரமமாக இருந்தது. ஆனாலும் கையில் ஏறிக்கொண்டிருந்த குளுக்கோஸ் டியூப்பைக் கண்ணால் காட்டி, "அந்த ஜாயிண்ட்டுல ஒழுவுது பாரு" என்றீர்கள். பார்த்தேன். ஊசிமுனை அளவு ஈரம். அவ்வளவு நேரமும் பக்கத்திலேயே இருந்தவள் நான். எனக்குத் தெரியவில்லை. நர்ஸைக் கூப்பிடப் போகும்போது எனக்குள் எழுந்தது பயம் அல்ல, பழைய பொறாமைதான். அப்போதாவது சொல்லியிருக்கலாம். மறுநாள் விடிந்தபோது நீங்கள் இல்லை.

இப்போது புத்தூரில் நான்தான் கேட்கிறேன். அளவுக்கு முன்னால், விலைக்கு முன்னால், அந்தக் கேள்வி. "இந்தப் பொண்ணு மாரி யாரும் வெவரமா கேக்கறதில்ல" என்று ஆறு மாதத்துக்கு முன் ஒரு பெரியவர் சொன்னார். அது உங்கள் கேள்வி. பாராட்டு எனக்கு வருகிறது, ஆனால் என்னிடம் தங்குவதில்லை.

அன்று அந்தப் பெரியவர் போனதும் கடையைச் சாத்திவிட்டு நகரிக்குப் பஸ் ஏறினேன். சாயப்பட்டறையில் அந்த அம்மா தொட்டியருகே நின்றிருந்தார். பாதத்தில் தோல் ஒரு இடத்தில் மட்டும் வெளுத்திருந்தது.

"ஓஸ்கார வூட்டுப் பொண்ணுதான நீ?" என்றார். "உங்க அண்ணி அன்னிக்கே சொல்லிச்சு. எங்க பாப்பாவுக்கு எல்லாம் தெரியும், அவ கடைல இல்லாத நேரத்துல நான் குடுத்துட்டேன், அவ இருந்திருந்தா இப்பிடி ஆயிருக்காதுன்னு. உங்க நைனா இங்க வந்தப்ப அவருகிட்டயும் அதையேதான் சொல்லிச்சு."

புத்தூர்க் கடை எனக்கு எப்படி வந்தது என்று அங்கே நின்றபடிதான் தெரிந்துகொண்டேன்.

"நான் கடைலதாம்மா இருந்தேன்" என்றேன். "சுடுதண்ணின்னு தெரியும். சொல்லல."

அவர் கையிலிருந்த கோல் நின்றது. "அப்போ உங்க அண்ணி சொன்னது பொய்யா?"

"ஆமா."

ஓஸ் மாட்டியிருந்த பித்தளை நிப்பிளைப் பார்த்தார். "நல்ல பொம்பள" என்றார். சிட்டத்தைத் திருப்பிப் போட்டார். அங்கேயும் நீங்கள்தான், அண்ணி.

அதற்குப் பிறகு அந்தச் சாயப்பட்டறைக்காரர்கள் எங்கள் கடைக்கு வருவதில்லை. நீங்கள் மாட்டிக் கொடுத்த ஓஸ் இன்னும் ஒழுகவில்லை.