தனேஸ்வரி படித்த நூற்றுப் பன்னிரண்டு புத்தகங்கள்

ஈஜோக்
3.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

மூட்டு வலி எப்படி இருக்கிறது? போனில் நூலகம் என்று வாயெடுத்தாலே லைனை வெட்டிவிடுகிறாய். அதனால்தான் கடிதம். இதை வெட்ட முடியாது பார்.

நீ பதினெட்டு வருஷம் வேலை பார்த்த தோட்டப் பள்ளிக்கே என்னை மாற்றி, நீ வைத்திருந்த நூலகப் பொறுப்பையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். பூட்டை உடைத்துத்தான் உள்ளே போனோம். கீழ்த்தட்டைக் கரையான் தின்றுவிட்டது. மேல்தட்டுப் புத்தகங்கள் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் புதுசாக இருக்கின்றன. மூன்றாம் ஆண்டு வகுப்பில் ஒன்பது பிள்ளைகள் எழுத்துக்கூட்டி வாசிக்கவே திணறுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்த அவசரம்.

ஒரு சந்தேகம். உன் காலத்து வாசிப்பு நோட்டுகள் அலமாரியில் கிடந்தன. 2006இல் ஆறாம் ஆண்டு படித்த தனேஸ்வரி, நூற்றுப் பன்னிரண்டு புத்தகம் படித்துக் கதைச் சுருக்கம் எழுதியிருக்கிறாள். முத்து முத்தான கையெழுத்து. ஆனால் அவள் படித்ததில் பாதி இன்னும் உறைக்குள்ளேயே இருக்கிறது. எப்படி அக்கா?

உன் தங்கை,
குமுதா


கலும்பாங்
10.6.2025

அன்புத் தங்கை குமுதாவுக்கு,

மூட்டு வலியை விசாரித்தாய், சரி. மற்றதை விசாரிக்க நீ என்ன போலீஸா?

பூட்டித்தான் வைத்தேன். ஸ்டாக் எடுக்கும்போது ஒரு புத்தகம் குறைந்தாலும் நூலக ஆசிரியைதான் பதில் சொல்ல வேண்டும். தோட்டத்து லய வீட்டுப் பிள்ளைகள் கையில் கொடுத்தால் மூன்றாம் நாள் அட்டை ஒரு பக்கம், தாள் ஒரு பக்கம். உனக்குப் போகப் போகத் தெரியும்.

கரையான் தின்றதோடு அந்த நோட்டுகளையும் சேர்த்து எரித்துவிடு. பழையதைக் கிளறி என்ன ஆகப்போகிறது? பாசிர் பெனம்பாங் பக்கம் போனால் எனக்குக் கொஞ்சம் கருவாடு வாங்கி அனுப்பு.

அக்கா,
லீலாவதி


ஈஜோக்
24.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நோட்டுகளை எரிக்கவில்லை. தனேஸ்வரி இந்தப் பள்ளியில்தான் துப்புரவு வேலை செய்கிறாள். நூலகத்தைத் துடைக்க வந்தவள், நோட்டு அட்டையில் ஒட்டியிருந்த தன் சின்ன வயசுப் படத்தைப் பார்த்துவிட்டாள். முகம் செத்துப்போயிற்று. மறுநாள் ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தாள். உள்ளே தமிழ் அகராதி. அதிகம் படித்த பிள்ளை என்று மேடையில் நீ கொடுத்த பரிசு.

"இத எடுத்துக்குங்க டீச்சர். எனக்கு வாசிக்கவே தெரியாது. கரும்பலகைல டீச்சர் எழுதிப் போடுற கதைய, கோலம் போடுற மாதிரி பாத்துப் பாத்து எழுதுவேன். லீலா டீச்சர் நான் படிச்சேன்னு நம்பி எல்லாருக்கும் முன்னால குடுத்துட்டாங்க. அவங்கள ஏமாத்திட்டேன் லா. இத்தன வருஷமா துணிக்கு அடியில ஒளிச்சு வெச்சிருந்தேன். என் பிள்ளைங்ககூட பாத்ததில்ல."

தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள். முப்பத்தொரு வயசுக்காரி.

அக்கா, அவளா ஏமாற்றினாள்?

குமுதா


கலும்பாங்
2.7.2025

குமுதா,

மூன்று கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன்.

அவள் ஏமாற்றவில்லை. அவளுக்கு வாசிக்கத் தெரியாது என்பது நாலாம் ஆண்டிலேயே எனக்குத் தெரியும். உறையைப் பிரிக்காமலே பின்னட்டையைப் பார்த்து நான்தான் சுருக்கம் எழுதிப் போட்டேன். அவள் கையெழுத்து அழகு. அதனால் அவள் நோட்டை எல்லாவற்றுக்கும் மேலே வைத்து மாவட்ட வாசிப்புப் போட்டிக்கு அனுப்பினேன். கேடயம் வந்தது. பிள்ளைகள் குறைந்த பள்ளி, கேடயம் இருந்தால் மூடமாட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் முழு உண்மை இல்லை. மேடையில் என் பெயரைச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருந்தால் ஒரு வருஷத்தில் வாசித்திருப்பாள். என் வெட்கத்தை அந்தப் பிள்ளை பத்தொன்பது வருஷம் சுமந்திருக்கிறாள்.

பதினெட்டாம் தேதி, வெள்ளிக்கிழமை வருகிறேன். அவளிடம் நீ எதையும் சொல்லாதே. என் வாயால் நானே சொல்ல வேண்டும்.

லீலாவதி


ஈஜோக்
21.7.2025

அன்புள்ள அக்காவுக்கு,

வெள்ளிக்கிழமை நூலகத்தைத் திறந்துவிட்டோம். உறையை யார் பிரிப்பது என்று ஒன்பது பிள்ளைகளுக்கும் அடிதடி. இரண்டு புத்தகம் அன்றைக்கே கிழிந்தது. ஒட்டி வைத்திருக்கிறேன்.

நீ வருவதை மட்டும் தனேஸ்வரியிடம் சொல்லியிருந்தேன். லீவு போட்டு, புடவை கட்டிக்கொண்டு வந்தாள். அகராதியை மடியில் வைத்து, வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

பதினொரு மணிக்கு கேட்டுக்கு வெளியே உன் வெள்ளை மைவி கார் வந்து நின்றது. நானும் பார்த்தேன், அவளும் பார்த்தாள். நீ இறங்கவில்லை. கால் மணி நேரம் நின்று, திரும்பிப் போய்விட்டாய்.

அவள் அகராதியை மறுபடியும் பையில் சுற்றினாள்.

"டீச்சருக்கு என்மேல இன்னும் கோவம் தீரல போல," என்றாள்.

எனக்கு வாய்வரை வந்தது. உன் பேச்சைக் காப்பாற்றி மூடிக்கொண்டேன். அன்றிலிருந்து என்னாலும் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உன் வெட்கத்தில் இப்போது எனக்கும் பங்கு.

நூலகத்துக்குப் புதுப் பூட்டு வாங்கவில்லை. அவள் தினமும் ஒரு மணிக்குத் துடைக்க வருவாள். கருவாடு வாங்கி வைத்திருக்கிறேன். தபாலில் அனுப்ப மாட்டேன்.

உன் தங்கை,
குமுதா