மூன்று வெள்ளிக்கு நேர் கீழே

5.8.2024
எழுத்து வகுப்பில் ஜெயஷீலா டீச்சர் கணினியில் வானத்தைக் காட்டினாள். வெளியே நடுப்பகல், திரை முழுக்க நட்சத்திரம்! ஒவ்வொன்றுக்கும் தமிழில் பெயர். அ-க-த்-தி-ய-ம். நானே வாசித்தேன், எழுபத்தாறு வயதில். கொழும்புக்குத் தோணி ஓட்டிய நாளெல்லாம் நம்பிப் போன தென்திசை வெள்ளி. எங்களுக்கு நட்சத்திரமெல்லாம் வெள்ளிதான். சிரிப்பு அடங்கவில்லை. “தாத்தா, பல்லு விழுந்துரும்” என்றாள். இருந்தால்தானே விழ!

8.8.2024
தேதியும் இடமும் கொடுத்தால் பழைய வானமும் வருமாம்.

9.8.2024
கேட்காமல் இருந்திருக்கலாம்.

11 டிசம்பர் 1980, இரவு ஒன்பது மணி, தூத்துக்குடிக் கடல். நானே தட்டினேன்.

அன்று மழைமேகம். காம்பஸ் உடைந்து கிடந்தது. தோணியை நடத்தும் தண்டல் நான், படுத்திருந்தேன். சுக்கான் பிடித்த கஸ்பார் எழுப்பினான். மேக இடுக்கில் பெரிய வெள்ளி ஒன்று. “அதான் அகத்தியம். அதப் பாத்தே விடு” என்றேன்.

“அண்ணாச்சி, ரொம்பக் கெழக்கால நிக்குதே?”

“ஏலே, எனக்கே படிச்சுத் தாரியோ?”

மறுபடி படுத்துவிட்டேன். கொழும்புக்குப் போக வேண்டிய தோணி, விடியுமுன் அதற்கு வெகு வடக்கே கற்பிட்டிப் பாறையில் உடைந்தது.

விசாரணையில் கஸ்பார், “மூணு வெள்ளிக்கு நேர் கீழ இருந்ததத்தான் இவரு காட்டுனாரு” என்றான். நான், “தூங்கிட்டுக் கத விடுதான்” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவனை எந்தத் தோணியிலும் ஏற்றவில்லை. உப்பளத்துக்குப் போனான்.

திரையில் மூன்று வெள்ளி வரிசையாக. நேர் கீழே, சிரியஸ் என்ற வேறொரு வெள்ளி. அகத்தியம் வெகு தூரம் தெற்கே தள்ளி.

இன்றுதான் தெரிந்ததா? சீ. விசாரணையில் நிற்கும்போதே தெரியும்.

10.8.2024
வகுப்புக்குப் போகவில்லை.

14.8.2024
கஸ்பாருக்குக் கடிதம். என் முதல் கடிதம், நான்கு நாள் எழுதினேன். ‘வெள்ளியைத் தப்பாகக் காட்டியது நான். பொய் சொன்னதும் நான்.’ பிழை பார்க்க டீச்சர் கேட்டாள். கொடுக்கவில்லை.

21.8.2024
பதில் இல்லை.

25.8.2024
பூசை முடிந்து வந்தேன். கோயில் வாசலில் கஸ்பார். கூடப் பழைய தோணிக்காரர்கள் ஏழெட்டுப் பேர். அவன் கையில் என் கடிதம், உறையைப் பிரிக்கவே இல்லை.

“எனக்கு எழுத்து தெரியாது. நீரே வாசியும்.”

அண்ணாச்சி என்று சொல்லவில்லை.

எழுத்துக் கூட்டி வாசித்தேன். ‘பொய்’ வந்ததும் குரல் உள்ளே போய்விட்டது.

“கேக்கல” என்றான். “மொதல்ல இருந்து வாசியும்.”

வாசித்தேன்.