ஒரே வெயில் கொண்டுவந்து நிறுத்திய இருவர்

நானா,

இன்று காலை கதவைத் திறந்ததும் மண் மணந்தது. புது மழைக்கு எழும்புகிற மணம் இல்லை. மேடு வெடித்து, அடிமண் வெளியே தள்ளும்போது வருமே, அந்தப் பச்சை மணம். கம்பளையில் பனி விழுந்து வெயில் காய வேண்டிய தை மாதம் இது. ஆனால் மழை விட்டபாடில்லை. எதிர் மேட்டில் இருப்பவர்களை வெளியேறச் சொல்லி, ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக் கூவிக்கொண்டு போகிறார்கள். எனக்கு உங்களோடு பேச வேண்டும் போலிருந்தது. நீங்கள் மௌத்தாகிக் கண்மூடி ஒரு வருடமாகிறது.

நாவலப்பிட்டிக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வாரம் தவறாமல் உங்கள் லொறி வரும். நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளின் லயத்துக்குப் பின்னால் போட்ட போஞ்சியையும் கறிமிளகாயையும் வாங்கிக் கம்பளைச் சந்தைக்குக் கொண்டு போவீர்கள். முஸ்லிம் அண்ணன் என்று தோட்டமே உங்களை நானா போட்டுக் கூப்பிட்டாலும், விலைக்கு உங்களோடு மல்லுக்கட்டாத ஆளில்லை. லொறிக் கதவில் யாராவது சாய்ந்துவிட்டால் அன்றைக்கு முழுவதும் முகத்தைத் தூக்கி வைத்திருப்பீர்கள்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த அந்த வருடம், சித்திரை கழிந்தும் வெயில் இறங்கவில்லை. எங்கள் போஞ்சிக் கொடிகள் பந்தலிலேயே காய்ந்தன. ஒரு சருகைக் கையில் நொறுக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னீர்கள்: "மாசமெல்லாம் எடம் மாறி ஈக்கி புள்ள. மழைக்கும் வழி தெரியல்ல, வெயிலுக்கும் போகத் தெரியல்ல." இன்றைக்குக் கூட்டம் போட்டுக் காலநிலை மாற்றம் என்கிறார்கள். அன்று உங்களுக்கும் எனக்கும் அதற்கொரு பெயர் இருக்கவில்லை.

கொழுந்து கருகியதும் தோட்டத்தில் வேலை நாளைக் குறைத்தார்கள். அப்பா அம்மா இல்லாத வீடு எங்களுடையது, நானும் தம்பியும்தான். "இருந்து பட்டினி கெடக்கவா அக்கா?" என்று கேட்டுவிட்டு, அவன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு வேலைக்குப் போனான். அங்கே தமிழ்ப் பொடியன்களைச் சுற்றி வளைத்துப் பிடித்துப் போகிறார்கள் என்ற செய்தி வரும்போதெல்லாம் தபால்காரரை வழிமறித்து அவன் கடிதத்தைக் கேட்பேன்.

தீபாவளிக்கு அவன் வந்திருந்தபோதுதான் மழை கொட்டியது. வெயிலில் வெடித்துக் கிடந்த மலை அத்தனை தண்ணீரையும் குடித்தது. நாங்கள் கொழுந்து நிறுக்கும் இடத்தில் நின்றோம். தம்பி தண்ணீர்ப் பீலிக்குக் குளிக்கப் போயிருந்தான். பெரிய லொறி கல்லைக் கொட்டுவது போல ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால் லயத்தின் பாதி இல்லை. பக்கத்து வீட்டுக் காம்பராவில் காய்ச்சலோடு படுத்திருந்த அந்த வீட்டு அக்காவை, விடிந்த பிறகு உடலாகத்தான் எடுத்தார்கள். எங்கள் வீட்டில் ஒரு பானைகூட மிஞ்சவில்லை. தம்பியின் அடையாள அட்டையும் சட்டைப் பையோடு மண்ணுக்குள் போய்விட்டது.

மறுநாள் சந்தை நாள் இல்லை. ஆனாலும் காலையிலேயே வந்தீர்கள். சேறும் சகதியுமாக இருந்த எங்களை, அந்த லொறியில், நீங்களே கைகொடுத்து ஏற்றினீர்கள்.

கம்பளைப் பாதையில் சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். அட்டை இல்லை, தமிழன், கொழும்பிலிருந்து வந்தவன். தம்பியைத் தனியே நிறுத்த வேறு என்ன வேண்டும்? தோளில் துவக்கோடு காவலுக்கு நின்ற ஆமிக்காரனுக்கும் தம்பியின் வயதுதான் இருக்கும். சிங்களத்தில் சொன்னான்: "முதலாளி, நீங்க மத்தவங்களக் கூட்டிட்டுப் போங்க. இவன விட ஏலாது."

மற்றவர்களைப் பின்னால் வந்த பஸ்ஸில் ஏற்றிவிட்டு, லொறியை ஓரங்கட்டி, மண்மூட்டையில் உட்கார்ந்துவிட்டீர்கள். "நீங்களும் போயிருங்க நானா, ஒங்களுக்கும் கரைச்சல்" என்றேன். "வாய மூடிட்டு இரிங்க புள்ள" என்றீர்கள். லொறிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டீர்கள்.

பாதை எங்கெங்கோ அடைபட்டிருந்ததால் தம்பியைக் கொண்டுபோக வேண்டிய பொலிஸ் ஜீப் வரவில்லை. தம்பி மழையில் நின்றான். நீங்கள் சும்மா இருக்க முடியாமல் அந்தப் பையனிடம் ஊரைக் கேட்டீர்கள். அனுராதபுரம் பக்கம் என்றான்.

"வயல் செய்யல்லியா மகன்?"

"குளம் வத்திப் போச்சு முதலாளி. ரெண்டு போகம் விதைக்கவே இல்ல. வீட்டில சாப்பிடணுமே, அதான் ஆமிக்கு வந்தேன்."

நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். "கேட்டீங்களா புள்ள? கொழுந்து கருகி ஒங்கட தம்பி கொழும்புக்குப் போன. கொளம் வத்தி இந்தப் புள்ள துவக்கத் தூக்கின. ரெண்டு பேரையும் ஒரே வெயில்தான் இங்க கொண்டாந்து நிப்பாட்டி ஈக்கி."

அதையே அவனுக்கும் சிங்களத்தில் சொன்னீர்கள். அவன் தம்பியைத் தன் தகரக் கூரைக்குக் கீழே வந்து நிற்கச் சொன்னான். இரண்டு பேரும் அருகருகே நின்றார்கள்.

ஜீப் வந்தபோது தம்பியை ஏற்றத்தான் செய்தான். ஆனால் வந்த அதிகாரியிடம், "இவங்க வீடு மண்ணில போயிட்டு சேர், உடுப்பப் பாருங்க" என்றான். அந்தச் சொல்லும் உதவியிருக்கும். தோட்டத்துக் கணக்கப்பிள்ளையையும் கிராம சேவகரையும் நீங்கள் லொறியில் அழைத்து வந்து சாட்சி சொல்ல வைத்த பிறகு தம்பியை விட்டார்கள். உள்ளே வாங்கிய அடியில் அவனுக்கு ஒரு காது அன்றிலிருந்து கேட்பதில்லை. ஆனால் உயிரோடு வந்தான். இப்போது பல்லேகலவில் வேலை செய்கிறான், இரண்டு பிள்ளைகள்.

தம்பியை விட்ட அன்று திரும்பும் வழியில் அந்தப் பையனிடம் சொல்லிவிட்டுப் போகலாமென்று சாவடியில் லொறியை நிறுத்தினீர்கள். வேறு ஆட்கள் நின்றார்கள். அவனை வடக்குக்கு மாற்றிவிட்டதாகச் சொன்னார்கள். "பேரக் கேக்காம விட்டுட்டேனே" என்றீர்கள். கம்பளை வரும்வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தீர்கள்.

யுத்தம் முடிந்தது. அவன் என்னவானான் என்று நமக்குத் தெரியவே இல்லை.

கடைசியாக உங்களைப் பார்க்க வந்த அன்று, கட்டிலில் மெலிந்து கிடந்தீர்கள். வானொலியில் வானிலை அறிக்கை போய்க்கொண்டிருந்தது. கையசைத்து என்னைக் கிட்டக் கூப்பிட்டீர்கள். "அனுராதபுரத்துக்கு மழ சொல்றாங்களா புள்ள?" உங்கள் மனைவி, ராத்தா, என்னைப் பார்த்து, "அங்க இவருக்கு ஆரு ஈக்கிற?" என்று கேட்டார். நான் வானொலியின் சத்தத்தைக் கூட்டினேன்.

இப்போது எதிர் மேட்டிலிருந்து ஒரு குடும்பம் மூட்டை முடிச்சோடு என் வீட்டுக்கு வந்திருக்கிறது. அவர்களுக்குத் தேத்தண்ணீர் போட்டுக்கொண்டே வானிலை அறிக்கையைக் கேட்டேன். நாவலப்பிட்டி, கம்பளை எல்லாம் சொல்லி முடித்தார்கள். எங்கள் பக்கம் முடிந்தாலும் நான் வானொலியை நிறுத்துவதில்லை, அந்தப் பையனின் ஊர்ப்பக்கம் வரும்வரை கேட்பேன்.

இன்றைக்கும் அங்கே மழை இல்லையாம், நானா.