கொத்தமல்லிக்கு அடியில்

என் பிரியமான லலிதாக்கா,

நீ போன பிறகு வரும் முதல் மழைக்காலம் இது. விஷ்ராந்த்வாடி வீட்டுப் பால்கனியில் உன் கறிவேப்பிலைச் செடி யாரும் கவனிக்காமலே தழைத்திருக்கிறது. செத்தவர்களுக்குக் கடிதம் போய்ச் சேரும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. ஆனாலும் உன்னைப் பற்றி மற்றவர்களிடம் சொல்வதைவிட, மற்றவர்கள் கேட்க உன்னிடமே சொல்வது சுலபமாக இருக்கிறது.

பதினாறாம் நாளன்று வந்தவர்கள் உன்னைவிட உன் கணவரைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். "பாவம், தனிமரமா ஆயிட்டார்." "குடிப்பார்தான், ஆனா ஒரு நாள் கை நீட்டினது கிடையாது." கை நீட்டாததை இப்படி ஒரு விருது மாதிரி எடுத்துக் கொடுப்பார்கள் என்று உனக்குத் தெரிந்திருக்கும். திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த அத்தானின் அக்கா, உன் மகள் நிவேதாவின் தலையைத் தடவி, "இனிமே அப்பாவ நீதாம்ட்டி பாத்துக்கிடணும்" என்றாள். நிவி தலையாட்டினாள். 'பாத்துக்கிடணும்' என்ற அந்த ஒரு சொல்லுக்குள் என்னென்ன இருக்கிறது என்று அந்தக் கூடத்தில் இருந்த பெண்கள் அத்தனை பேருக்கும் தெரியும்.

என்ன இருந்தது? கீழே ஸ்கூட்டர் வந்து நிற்கும் சத்தம் இருந்தது. போனில் என்னோடு பேசிக்கொண்டிருக்கும்போதே நீ பாதி வாக்கியத்தில் நின்றுவிடுவாய். ஸ்டாண்டு ஒரே தடவையில் விழுந்தால் தட்டு எடுத்து வைக்கலாம். இரண்டு மூன்று தடவை தட்டுத் தடுமாறினால், நிவியைப் புத்தகத்தோடு உள்ளே போகச் சொல்லிவிட்டு என்னிடம், "சரி சாந்தி, நாளைக்குப் பேசுதேன்" என்பாய். அந்த நாளைக்கு அனேகமாக வராது.

மார்பில் கட்டி இருப்பதை நீ சொன்னபோதும் அதே குரல்தான். டாக்டரிடம் போகக் குறித்த நாட்களில் ஒருமுறை அத்தான் குளியலறையில் விழுந்தார். ஒருமுறை ரத்த வாந்தி. இன்னொரு முறை அவர் அலுவலகத்திலிருந்து வந்து அழைத்துப் போகச் சொன்னார்கள். அவருடைய ஈரலைப் பார்க்க எத்தனை டாக்டர்கள். கடைசியில் உன்னைப் பார்த்த டாக்டரம்மா ஏன் இவ்வளவு தாமதம் என்று ஹிந்தியில் கேட்டபோது நீ சொன்னாய்: "கர் மே காம் தா." வீட்டில் வேலை இருந்ததாம்.

குடிதான் உன்னைக் கொன்றது என்று நான் சொல்ல மாட்டேன். அதை நிரூபிக்க முடியாது. நிரூபிக்க முடியாததைச் சொல்லக் கூடாது என்று கல்லூரியில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவள் நான். ஆனால் அவர் குடிக்காதவராக இருந்திருந்தால் நீ குறித்த முதல் நாளிலேயே டாக்டர் முன்னால் உட்கார்ந்திருப்பாய். அது எனக்கு உறுதி. உன் இறப்புச் சான்றிதழில் இதற்கு ஒரு கட்டம் இல்லை.

இப்போது நடப்பதைச் சொல்கிறேன். போன சனிக்கிழமை சாயங்காலம் ஆளந்தி சாலையில் ஆட்டோவில் வந்துகொண்டிருந்தேன். ஒயின் ஷாப் வாசலில் ஆண்கள் வரிசை. நடுவில் ஒரு பெண், தோளில் உன் பச்சைப் பை. ஒரு கணம் நீதான் என்று நினைத்தேன். நிவி.

குடித்துவிட்டு வண்டி ஓட்டி அத்தான் ஒரு காய்கறிக்காரரின் காலை உடைத்த பிறகு, நீயே போய் வாங்கிவர ஆரம்பித்தாயே, அதே கடை. வீட்டிலேயே குடித்தால் ரோட்டில் யாருக்கும் அடிபடாது என்பது உன் எண்ணம். பாட்டிலைப் பையின் அடியில் வைத்து மேலே ஒரு கொத்தமல்லிக் கட்டைப் போட்டுக்கொண்டு வருவாய். லிஃப்டில் யாராவது வந்தால், "சட்னிக்கு" என்பாய்.

நான் இறங்கி நடந்தேன். வரிசையில் நின்றவர்கள், "ஜா பேட்டா, ஆகே ஜா" என்று நிவிக்கு வழி விட்டார்கள். பெண்பிள்ளை வெகுநேரம் நிற்கக் கூடாதாம், அவ்வளவு மரியாதை. கடைக்காரர் அவள் கேட்பதற்கு முன்பே, "ஆண்ட்டிவாலா ஹீ நா?" என்று பாட்டிலை எடுத்து வைத்தார். ஆண்ட்டி வாங்குவதுதானே என்று. பத்து வருஷமாக நீ வாங்கி, நீ ஒரு சொட்டும் தொடாத அந்தச் சரக்குக்கு அந்தக் கடையில் உன் பேர், அக்கா.

திரும்பியவள் என்னைப் பார்த்தாள். பையில் கொத்தமல்லி ஏற்கெனவே இருந்தது.

"சித்தி, திட்டாதீங்க. நான் வாங்கலன்னா அவரே ஸ்கூட்டர் எடுப்பாரு. யாராவது சின்னப் பசங்க குறுக்க வந்தா?"

"ஹிஞ்சேவாடில ஃப்ரெண்டோட ரூம் எடுக்கப் போறேன்னியே."

"அட்வான்ஸ் குடுக்கல. நான் போயிட்டா இது யாரு பண்ணுவா?" பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, "காலைல ஆபீஸ் கேபை பில்டிங் கேட்டுக்கு வர வேணாம்னு சொல்லிட்டேன் சித்தி. முனையில போய் நின்னுக்கறேன். போன வாரம் அப்பா லுங்கியோட கீழ வந்து டிரைவர்கிட்ட சண்டை. உள்ள மூணு பொண்ணுங்க உக்காந்துருந்தாங்க" என்றாள். அழவில்லை. உன்னைப் போலவே தகவல் சொல்கிறாள்.

இந்த மாநிலத்தில் குடிக்கிறவர் அரசிடம் பெர்மிட் வாங்க வேண்டும் என்று ஒரு சட்டம் இருக்கிறது. யாரும் கேட்பதில்லை, அது வேறு. கூட இருக்கிறவர்களிடம் யார் அனுமதி வாங்கினார்கள்? ஆசிரியர் அறையில் என் பக்கத்து இருக்கை மராத்திக்காரியிடம் இதைச் சொன்னேன். "ஹமாரே யஹாங் பாபா" என்றாள், அவள் வீட்டில் அப்பா, அவ்வளவுதான். விடைத்தாளிலிருந்து நிமிரவே இல்லை. மாடி வீட்டு பஞ்சாபி அம்மாளுக்கு மகன். எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற பீடு மாவட்டத்துப் பெண்ணுக்குப் புருஷன். பாஷைதான் வேறு. ஸ்டாண்டு விழும் சத்தத்துக்கு எல்லோரும் ஒரே மாதிரி காது கொடுக்கிறார்கள்.

ஞாயிறு காலை, அத்தான் தெளிவாக இருக்கும் நேரம் பார்த்துப் போனேன்.

"நிவி ஆபீஸ் பக்கம் தங்கட்டும் அத்தான்."

"நானா பிடிச்சு வச்சிருக்கேன்? போகட்டும். ஒரு நாள் வந்து கதவத் தட்டுவா, நான் செத்துக் கெடப்பேன். வேலை முடிஞ்சுது."

நிவி அடுப்படியிலிருந்து, "சித்தி, ரெஹ்னே தோ, விட்டுடுங்க, ப்ளீஸ்" என்றாள்.

"உங்க அக்கா இருந்தா இப்படி வந்து பேசுவியா?" என்றார்.

"அவ இருந்தா நான் வந்திருக்கவே மாட்டேன்."

அவர் பேப்பரைப் பிரித்துக்கொண்டார். கை நடுங்கியது. அந்தக் கையைப் பார்த்தால் எனக்கும் இரக்கம் வருகிறது அக்கா, மறைக்க மாட்டேன். அந்த இரக்கத்தில்தான் உன் ஆயுசு போயிற்று. நான் ஆணியில் மாட்டியிருந்த ஸ்கூட்டர் சாவியை எடுத்தேன். வண்டி உன் பேரில் இருக்கிறது என்றேன். மழையில் நனைந்தபடி நானே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

அவருக்குத் தெரிந்த சிகிச்சை மையம் இருக்கிறது, இரண்டு முறை நீயே சேர்த்தாய். போவதானால் மூன்றாம் முறை நான் கூட்டிப் போவேன். குடிப்பதானால் நடந்து போய் அவரே வாங்கட்டும். வழியில் விழலாம். அப்படி ஒரு போன் வந்தால் என் எண்ணுக்கு வரும்படி பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறேன். சரியான முடிவா என்று தெரியவில்லை. தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் உனக்கு அப்போதே சொல்லியிருப்பார்கள்.

நிவி நேற்று ஹிஞ்சேவாடி அறைக்குப் போய்விட்டாள். பெட்டியை வைத்துவிட்டு நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது கீழே யாரோ ஸ்கூட்டரை நிறுத்தினார்கள். பேசிக்கொண்டிருந்தவள் பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டாள். ஸ்டாண்டு விழுந்தது, ஒரே தடவையில். அதன் பிறகுதான் மிச்சத்தைச் சொன்னாள். அவளுக்கே அது தெரியவில்லை. நான் சொல்லவும் இல்லை.

உன் பச்சைப் பை என்னிடம் இருக்கிறது. உனக்கு நான் தரக்கூடிய வாக்கு ஒன்றுதான்: அந்த வரிசையில் இனி உன் மகள் நிற்க மாட்டாள். அவளுக்குப் பதிலாக நானும் நிற்க மாட்டேன்.

உன் பாதி வாக்கியங்களைக் கேட்டு வளர்ந்த தங்கை,
சாந்தி