ஒவ்வொரு முறையும் கேள்

4.3.2007, ஞாயிறு

இதை வீட்டில் ஒருத்தருக்கும் சொல்லவில்லை. இன்றைக்கு நான் ஒரு கொம்பியூட்டருக்கு அடையாள அட்டை காட்டினேன்.

நான் என்ன செய்ய? றஹ்மாவின் இன்ரநெற் கடையில், இரண்டாம் நம்பர் கொம்பியூட்டருக்கு முன்னால் கதிரையில் இருக்கிறேன். திடீரென்று திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்து குறுக்கே நின்றது. இங்கிலீசில் ஏதோ கேட்டது. லிங்கநகரிலிருந்து துறைமுகப் பக்கம் வருவதற்குள் மூன்று ஆமிச் சென்ரி. முன்னால் ஒன்று வந்து நின்று விளங்காத பாஷையில் கேட்டால் என் கை தானாகக் கைப்பைக்குள் போகும். போய்விட்டது. அட்டையை எடுத்துத் திரைக்கு நேரே பிடித்தேன். படம் உள்ள பக்கம் தெரியும்படி, ஒழுங்காக.

றஹ்மா மேசையில் முகம் கவிழ்ந்து சிரித்தாள்.

"யோகம்மாக்கா, அது உங்கள செக் பண்ணல்ல. கமராவையும் மைக்கையும் பாவிக்க உங்களுக்கிட்ட அனுமதி கேக்குது. விடவா, வேணாமா எண்டு."

"என்னட்டையோ?"

"உங்களுக்கிட்டத்தான்."

நாற்பத்தொன்பது வயதில் முதல்முறையாக ஒன்று என்னிடம் அனுமதி கேட்கிறது! இவர் கடலுக்குப் போகப் பாஸ் கேட்க வேண்டும். வீட்டில் ஆள் தங்கினால் பதிவு. கேட்டுக் கேட்டே களைத்தவள் நான். "வேணாம்" என்கிற பொத்தானை அமத்து என்றேன், ஆசைக்கு. ஆகா, என்ன சுகம்! பிறகு திரும்பவும் கேட்க வைத்து "விடு" அமத்தினோம். என் மூஞ்சி திரையில் வந்தது. பார்க்கக் கூடியதாகத்தான் இருந்தது.

இதெல்லாம் அடுத்த ஞாயிறுக்கு ஒத்திகை. தங்கச்சி இரத்தினேஸ்வரியின் மகள் குணேஸ்வரியை லண்டன் மாப்பிள்ளை வீட்டார் கமராவில் பார்க்கப் போகிறார்கள். தாயும் மகளும் போன வருடம் சம்பூரை விட்டு ஓடி வந்து எங்களோடுதான் இருக்கிறார்கள். சித்திரைக்குள் பெட்டையை இந்த ஊரை விட்டு அனுப்பிவிட வேண்டும் என்று தங்கச்சி ஒற்றைக் காலில் நிற்கிறாள்.

"வேணாம்" அமத்தின சுகத்தைக் குணேஸ்வரிக்கு மட்டும் சொன்னேன். அட்டை காட்டினதைச் சொல்லவில்லை.

11.3.2007, ஞாயிறு

கெட்டது.

அவர்கள் பக்கம் பளிச்சென்று தெரிந்தது. மாப்பிள்ளை சிவரூபன், தாய், பின்னால் ஒரு பெரிய கடவுள் படம். எங்கள் பக்கம் கறுப்பு. சத்தமும் போகவில்லை. "உங்கட பக்கம் இருட்டாக் கிடக்கே," என்று தாய் சிரித்துக்கொண்டே கேட்டாள்.

தங்கச்சி லைற்றைப் போட்டாள். ரோச் அடித்தாள். கமராவுக்குள் வாயை வைத்து, "எங்கட பக்கம் எப்பவும் இருட்டுத்தான், மாமி!" என்று கத்தினாள். நல்ல காலம், ஒருத்தருக்கும் கேட்கவில்லை.

குணேஸ்வரி மட்டும் கொம்பியூட்டர் எலியைப் பிடித்தபடி, புதுச் சேலையில், குழப்படியே இல்லாத முகத்தோடு இருந்தாள்.

12.3.2007

தங்கச்சி கோணேசருக்கு ஒன்பது தேங்காய் நேர்ந்திருக்கிறாள். பெட்டைக்கு அல்ல, கொம்பியூட்டருக்கு.

15.3.2007

தேடுதல். வீதி மூடல். இவர் கடலுக்குப் போகவில்லை. மீன் இல்லாத நாளில் நான் கதைக்கிறது குறைவு என்கிறார். பொய்.

18.3.2007, ஞாயிறு

தங்கச்சி கோயில் திருநீற்றைக் கொண்டு வந்து கொம்பியூட்டரின் நெற்றியில் மூன்று குறி இழுத்தாள். றஹ்மா நல்ல பிள்ளை. "கண்ணாடியில படாமப் பூசுங்க," என்றதோடு சரி.

திரும்பவும் கறுப்பு.

இந்தமுறை மாப்பிள்ளையின் தாய் சிரிக்கவில்லை. இரண்டு கிழமையாகக் காட்டாமல் வைத்திருக்கிறார்களே, பிள்ளையில் ஏதும் குறையோ என்று தரகரிடம் கேட்டாளாம். தங்கச்சி வழி நீளத்துக்கும் அழுதுகொண்டு வந்தாள். மூன்றாவது சென்ரியில் நின்றவனே ஒன்றும் கேட்காமல் போகச் சொல்லிக் கை காட்டினான்.

20.3.2007

தனியாகப் போனேன். "நேற்றும் வெளிநாட்டில இரிக்கிற எங்கட ராத்தாவோட இதிலதான் கதைச்சன், அது வேற சைட். கமரா நல்லாத்தான் இரிக்கு," என்றாள் றஹ்மா. பிறகு எனக்கு ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினாள். இந்த மெசினில் ஆர் ஆர் கமரா கேட்டார்களோ, அந்த இணையத்தளங்களின் பெயரெல்லாம் வரிசையாக நிற்கிறது, கிராம சேவகரின் பட்டியல் மாதிரி. ஒவ்வொரு பெயருக்கும் மூன்று வழி: எப்போதும் விடு. எப்போதும் மறி. ஒவ்வொரு முறையும் கேள்.

எங்கள் லண்டன் தளத்துக்கு நேரே — எப்போதும் மறி.

"நான் தொடல்ல," என்றாள் றஹ்மா. "பெட்டி வந்த நேரம் எலி ஆருட கையில இரிந்த?"

ஆருடைய கையில்? புதுச் சேலைக்காரியின் கையில்.

சொல்லிக் கொடுத்தது ஆர்? நான்தான். என்ன சுகம் என்று புழுகினது ஆர்? நான்தான்! தேங்காய் நேர வேண்டியது என் வாய்க்கு.

"மாத்தி விடவா அக்கா? ஒரு அமத்துத்தான்."

ஒரு அமத்துத்தான். தங்கச்சியின் கண்ணீர், பெட்டையின் பெயர், எல்லாம் ஒரு அமத்தில் சரி. கைவிரல் வரைக்கும் வந்தது.

"பொறு பிள்ளை. முதல்ல ஒருக்காக் கேப்பம்."

21.3.2007

கிணற்றடியில் மீன் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் குந்தினேன்.

"எடியே, நீதானே?"

"என்ன பெரியம்மா?"

"மெசின் சொல்லிப்போட்டுது."

கத்தி நிற்கவில்லை. செதில் எடுத்தபடியே சொன்னாள்:

"சம்பூரை விட்டு வந்த நாளிலயிருந்து என்னட்டை ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை, பெரியம்மா. அது மட்டும்தான் கேட்டது. வேண்டாம் எண்டனான்."

பகிடி விட வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. இவர் பார்த்திருந்தால் வைத்தியரிடம் கொண்டுபோயிருப்பார்.

"அந்தப் பெடியனை விருப்பமில்லையோ?"

"தெரியாத ஆளை விருப்பம் இல்லையெண்டு எப்பிடிச் சொல்லுறது? தனியக் கதைக்கோணும். முகம் பிறகு காட்டுறன்."

24.3.2007

தங்கச்சிக்குச் சொன்னேன். ஏன் சொன்னேன்? சண்டை என்றால் சண்டை.

"அவளைக் கேட்டுக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லையக்கா! எங்களை எழும்பி ஓடச் சொன்னவை கேட்டவையே? இந்தக் கையால இழுத்துக்கொண்டு வந்தனான். ஒருக்காக் கையை விட்டனெண்டா, நாளைக்கு ஆர் வந்து கொண்டுபோவினமோ தெரியாது."

அவள் சொல்கிறதில் ஒரு பிழையும் இல்லை. அதுதான் கரைச்சல்.

"ஊர் கேக்காது எண்டு தெரியும், இரத்தினா. அதுக்காக வீட்டிலயும் கேக்காமல் விடுறதோ?"

அவள் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன். ஆராவது சாப்பிடத்தானே வேண்டும்.

25.3.2007, ஞாயிறு

பட்டியலில் மூன்றாவது வழிக்கு மாற்றினது குணேஸ்வரிதான். ஒவ்வொரு முறையும் கேள். றஹ்மா கமராவின் வயரை மட்டும் கழற்றி வைத்தாள். மைக் போதும்.

திரைச்சீலைக்கு உள்ளே அவள். வெளியே நான். தங்கச்சி எழும்பி வந்தாள். நான் மறித்தேன்.

"எங்கை போறீங்கள்? ஆரைப் பார்க்க? என்ன அலுவல்?"

"விசரே அக்கா உங்களுக்கு? தள்ளுங்கோ!"

"பாஸ் இருக்கோ?"

அடிக்கத்தான் கையை ஓங்கினாள். பிறகு என்ன நினைத்தாளோ, வாங்கில் போய் இருந்து சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாளோ அழுதாளோ, நான் சென்ரியை விட்டு அசையவில்லை. இத்தனை வருடம் நின்று பார்த்த வேலை, எனக்கு நன்றாகவே வருகிறது.

நாற்பது நிமிடம்.

"என்னவாம்?" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்டோம்.

"கேக்கிறார்."

"என்ன கேக்கிறார்?"

"சும்மா. சம்பூர் வீட்டில கிணறு எந்தப் பக்கம் எண்டு."

தங்கச்சி சேலைத் தலைப்பை உதறிக்கொண்டு எழும்பினாள். கிணறு கிழக்குப் பக்கம்.

1.4.2007, ஞாயிறு

இன்றைக்கு ஒரு மணித்தியாலம். பெட்டி வந்ததாம், கேட்டதாம், விட்டாளாம். உள்ளே ஒருதரம் சத்தமாகச் சிரித்தாள். இந்த வீட்டுக்கு வந்த பிறகு அவள் சிரித்து நான் கேட்டதில்லை. என் பகிடிகளுக்கே சிரிக்காதவள்! அந்தப் பெடியனில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்.

8.4.2007, ஞாயிறு

நேற்றுத் தானாக வந்து சொன்னாள், "நாளைக்குக் கமராவைப் பூட்டச் சொல்லுங்கோ பெரியம்மா."

எல்லாரும் போனோம். இவரும் சேட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். பெட்டி வந்து கேட்டது. குணேஸ்வரி எங்களைத் திரும்பிப் பார்க்காமல் "விடு" அமத்தினாள். எங்கள் பக்கம் வெளிச்சமானது. தங்கச்சி கும்பிட்டாள் — ஒன்பது தேங்காயும் வேலை செய்தது என்று இன்னும் நம்புகிறாள்.

"எப்ப வைக்கலாம்?" என்று மாப்பிள்ளை கேட்டார். சித்திரை என்று சொல்லத் தங்கச்சி வாயைத் திறந்து, மகளைப் பார்த்து, மூடினாள்.

"ஆவணி," என்றாள் குணேஸ்வரி. "அதுவும் அதுக்கு முதல் நீங்கள் இஞ்சை வந்து போனாத்தான்."

ஓம் என்றார். சொல்லும்போது முகம் எப்படி இருந்தது என்று பார்க்க நான் கிட்டக் குனிந்தேன். என் நெற்றி கமராவில் இடித்தது. கமரா றஹ்மா வைத்த பிளேன்ரீக்குள் விழுந்தது. எடுத்துத் துடைத்துத் திரும்ப வைத்தேன். மாப்பிள்ளையின் தாய், படத்தில் பார்த்ததைவிடப் பிள்ளை கொஞ்சம் நிறம் குறைவு என்றாள். நாங்கள் எல்லாருமே பிளேன்ரீ நிறத்தில்தான் இருந்தோம். தேத்தண்ணியை வீணாக்காமல் நான் குடித்தேன். சீனி போதாது.